மீதி வைப்பது யார் கடமை?



2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு, வயதான தாயார் ஒருவர் என்னிடம் வந்து நின்றார். அவருடைய மகள் மணமாகி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் குடியிருக்கிறாள். பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிரசவத்திற்குப் பின் நோயுற்ற மகளுக்குப் பால் நின்றுவிட்டபடியால், குழந்தை டப்பாவில் வரும் பால்மாவையே நம்பியிருந்தது. ஆனால் கடைகளில் பால்மாவு இல்லை. மகளும் மருமகனும் ஊர் ஊராய்க் காரில் அலைந்து, ஆளுக்கு இரண்டு டப்பா என்ற கட்டுப்பாட்டுக்கு இணங்க அங்கொன்றும் இங்கொன்றுமாய் எட்டு டப்பாக்கள் சேர்த்துவிட்டார்கள். அன்று மாலையே அடுத்த வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாளாம். “ஒரு டப்பா இருக்குமா?” என்று கேட்டாளாம்.

“இல்லையென்று சொல்லிவிட்டாளாம், சாமி. அதிலிருந்து ராத்திரியெல்லாம் போனில் அழுகிறாள். அவள் செய்தது பாவமா?” என்று அந்தத் தாயார் கேட்டார்.

நான் அவசரமாக ஒரு பதில் சொன்னேன்: “பொய் சொன்னது தவறுதான், அம்மா. எட்டில் இரண்டைக் கொடுத்திருக்கலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, போய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.” அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதிலில் பிழையில்லை. ஆனால் அது போதாது என்று பல நாள் என் மனச்சாட்சி உறுத்திற்று. தன் பிள்ளைக்கு எட்டு டப்பாக்கள் சேர்த்து வைத்த தாயைக் கண்டிக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. செல்வம் கொழிக்கும் ஒரு பெரிய தேசம் தன் சிசுக்களுக்கு மீதியாக ஒன்றும் சேர்த்து வைக்கவில்லையே, அதை என்னவென்று சொல்வது? அது யாருடைய தவறு? அல்லது தவறே இல்லையா? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

நடந்தது என்ன?

உண்மை தெரியாமல் நியாயம் பேசுவது தகாது. ஆகையால் முதலில் நடந்ததை அறிந்துகொள்வோம்.

மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே ஆபட் என்னும் கம்பெனியின் பால்மாவுத் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்கக் குழந்தைகள் குடிக்கும் பால்மாவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2022 பிப்ரவரி 17-ஆம் நாள் அந்தக் கம்பெனி, அங்கே செய்த சில பால்மாவு வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. தொழிற்சாலையும் நின்றுபோயிற்று.

காரணம் குரோனோபாக்டர் என்னும் ஒரு கிருமி. வளர்ந்தவர்களுக்கு அதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் பிறந்து இரண்டு மாதம் நிறையாத சிசுவையும் குறைமாதத்தில் பிறந்த சிசுவையும் அது பற்றினால் இரத்தத்தையும் மூளைச் சவ்வையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். அந்தத் தொழிற்சாலையின் பால்மாவைக் குடித்த நான்கு குழந்தைகளுக்கு இந்த நோய் வந்ததாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்திற்குப் புகார்கள் வந்திருந்தன. அவற்றில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. அதிகாரிகள் சோதித்தபோது, தொழிற்சாலைக்குள் பல இடங்களில் அதே இனக் கிருமி இருந்தது. பாலை உலர்த்தும் இயந்திரங்களில் வெடிப்புகள் விழுந்திருந்தன. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

நீதியை முன்னிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோயுற்ற குழந்தைகளில் இருவரிடமிருந்து எடுத்த கிருமியைப் பரிசோதித்தபோது, அது தொழிற்சாலையில் கண்ட கிருமியோடு ஒத்திருக்கவில்லை. சீல் உடையாத டப்பாக்களில் கிருமி காணப்படவில்லை என்று கம்பெனியும் சொல்லிற்று. ஆகவே ‘இந்தத் தொழிற்சாலைதான் அந்தச் சிசுக்களைக் கொன்றது’ என்று நாம் தீர்ப்பிடலாகாது. ஆனால் சிசுக்களின் உணவு தயாராகும் இடம் அந்த நிலையில் இருந்திருக்கக் கூடாது என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டப்பாவில் வரும் பால்மாவு கிருமியே அற்ற பண்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. திரவமாகக் காய்ச்சி அடைத்து வரும் குழந்தைப் பாலைக் கிருமியில்லாமல் செய்ய முடியும். உலர்ந்த மாவை அவ்வாறு செய்வது கடினம். குரோனோபாக்டர் உலர்ந்த மாவில் வெகுகாலம் சாகாமல் கிடந்து, வெதுவெதுப்பான நீரில் கலந்ததும் பெருகத் தொடங்குகிறது. ஆகையால் தொழிற்சாலையின் சுத்தம் ஒன்றே சிசுவுக்கு முதல் அரண்.

இரண்டு கடமைகள்

தொழிற்சாலை நின்ற சில வாரங்களில் தட்டுப்பாடு நாடெங்கும் பரவிற்று. 2022 மே மாத முற்பகுதியில், வழக்கமாகக் கடைகளில் இருக்கும் பால்மாவில் 43 சதவீதம் இல்லை என்று ஒரு கணக்கு சொல்லிற்று. தாய்மார்கள் மாவைக் குறைத்துத் தண்ணீரை அதிகம் விட்டுக் கலக்கத் தொடங்கினார்கள். சிலர் வீட்டிலேயே ஏதேதோ சேர்த்துப் பால் தயாரித்தார்கள். இரண்டும் குழந்தையின் உடலில் உப்புச் சத்தைக் குலைத்து ஆபத்து விளைவிக்கும் என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். மே 22-ஆம் நாள், ஜெர்மனியிலிருந்து இராணுவ விமானம் ஒன்று சுமார் 35 டன் பால்மாவைச் சுமந்து இண்டியானாபொலிஸ் நகரில் வந்திறங்கிற்று. போர்க்களத்திற்குத் தளவாடம் ஏற்றிச் செல்லும் விமானம் பால் டப்பாக்களை ஏற்றி வந்தது.

இப்போது கேள்வி எழுகிறது. அந்தத் தொழிற்சாலையை மூடியது சரியா? மூடாவிட்டால் கிருமியால் ஆபத்து, மூடினால் பசியால் ஆபத்து. அந்தக் கூடத்தில் அபூர்வ நோயுள்ள குழந்தைகளுக்கான விசேஷப் பால்மாவும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைகளின் உடல் சாதாரணப் பாலையும் தாய்ப்பாலையுங்கூட ஏற்காது. அவர்களுக்கு அந்த டப்பா மருந்துக்குச் சமானம். ஆகவே, ஏப்ரல் மாத முடிவில், நிறுத்தி வைத்திருந்த விசேஷப் பால்மாவை, வைத்தியர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஆபத்தை நிறுத்துப் பார்த்துக் கேட்டால் கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள்.

நல்ல மனிதர்கள் சிலர் இதைக் கேட்டுத் திடுக்கிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமான உணவை நோயாளிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்றார்கள். கொடுக்கலாம் என்பதே சரியான விடை. உணவே இல்லையென்றால் கேடு நிச்சயம். டப்பாவில் கிருமி இருப்பதோ நிச்சயமில்லை. நிச்சயமான பெருங்கேட்டைத் தவிர்க்க, நிச்சயமில்லாத சிறிய ஆபத்தை அறிந்து, பெற்றோருக்கும் அறிவித்து, எச்சரிக்கையோடு ஏற்பது குற்றமாகாது.

தத்துவ சாஸ்திரம் படிக்கத் தொடங்குபவர்களுக்கு அரிஸ்டாட்டிலின் உதாரணம் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். புயலில் சிக்கிய மாலுமி, உயிர்களைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிகிறான். சரக்கை எறிவதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் அந்த வேளையில் அதைச் செய்கிறவனை அறிவுள்ளோர் பழிப்பதில்லை. இதுவரை சரி. ஆனால் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும்போதே அடியில் ஓட்டை இருந்தது என்றால்? புயல் வேளையில் மாலுமி செய்தது சரியா என்று கேட்பதோடு நிறுத்திவிட்டால் உண்மையான கேள்வியைத் தப்பவிட்டவர்கள் ஆவோம். அந்த ஓட்டையோடு கப்பலை விட்டவர் யார் என்றல்லவா கேட்க வேண்டும்?

குற்றம் எங்கே?

குழந்தை உணவில் நேர்ந்த கேடுகளைப் பார்த்தால், குற்றம் மூன்று வகையாக வருவது தெரியும்.

முதலாவது வஞ்சகம். 2008-ஆம் ஆண்டு சீன தேசத்தில், தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் இரசாயனப் பொருளைச் சேர்த்தார்கள். பாலில் புரதம் எவ்வளவு என்பதை நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது வழக்கம். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். ஆகவே சோதனையில் தண்ணீர்ப் பால் நல்ல பாலாகத் தோன்றிற்று. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பல குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல் விழுந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன. இதில் முன்னின்ற ஸான்லு கம்பெனிக்குப் புகார்கள் முன்னமே வந்திருந்தும், உண்மை வெளிவந்தது செப்டம்பரில்தான். இதைக் குற்றம் என்று சொல்ல யாரும் தயங்கமாட்டார்கள்.

இரண்டாவது அசட்டை. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸின்டெக்ஸ் என்ற கம்பெனி தன் சோயாப் பால்மாவில் உப்புச் சேர்ப்பதை நிறுத்திற்று. உப்புக் குறைவது உடலுக்கு நல்லதென்று பலரும் பேசிய காலம் அது. ஆனால் உப்போடு சிசுவுக்கு இன்றியமையாத குளோரைடும் போய்விட்டது. அதைச் சரிவரச் சோதிக்கவில்லை. அடுத்த ஆண்டில் பல குழந்தைகள் வளர்ச்சி குன்றி நோயுற்றன. அதன் விளைவாகத்தான் 1980-இல் குழந்தைப் பால்மாவுச் சட்டம் அந்நாட்டில் பிறந்தது. இங்கே தீய எண்ணம் இல்லை. நல்ல எண்ணம்கூட இருந்தது. ஆனால் சிசுவுக்கு அந்த டப்பாவைத் தவிர வேறு உணவு இல்லை என்ற நினைவு இல்லை.

மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம். அதுதான் 2022-இல் நடந்தது. ஸ்டர்ஜிஸ் தொழிற்சாலையில் முன்பு வேலை பார்த்த ஒருவர், அங்குள்ள குறைகளை விவரித்து, 34 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, 2021 அக்டோபரில் உணவு மருந்து நிர்வாகத்திற்கு அனுப்பினார். கடிதம் போய்ச் சேர்ந்தது. ஆனால் தபால் அறையில் நேர்ந்த குளறுபடியால் மேலதிகாரிகள் சிலர் கையில் அது கிடைத்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான். எழுதியவரை விசாரித்தது டிசம்பரில். தொழிற்சாலையைச் சோதிக்கத் தொடங்கியது ஜனவரி 31-ஆம் நாள். தாங்கள் மெதுவாகச் செயல்பட்டதை நிர்வாகத்தின் தலைவரே பின்னர் சட்டசபை உறுப்பினர் முன் ஒப்புக்கொண்டார்.

இதில் வில்லன் என்று யாரைச் சுட்டுவீர்கள்? தபால் அறைக் குமாஸ்தாவையா? கொள்ளைநோய்க் காலத்தில் ஆள் பற்றாமல் திண்டாடிய அதிகாரியையா? ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான சமாதானம் இருக்கிறது. எல்லாச் சமாதானங்களையும் கூட்டிப் பார்த்தால் பசித்த குழந்தை நிற்கிறது. நாம் நம் மனச்சாட்சியைச் சோதிக்கும்போது செய்த தவறுகளை எண்ணுகிறோம். செய்யாமல் விட்ட கடமைகளை எண்ணுவது அபூர்வம். அதிலும் பலர் சேர்ந்து செய்யாமல் விட்டதை யாருமே தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

மிச்சம் பிடித்த பணம்

கடிதம் உரிய வேளையில் படிக்கப்பட்டிருந்தால் போதுமா? ஒரு தொழிற்சாலையைச் சுத்தம் செய்வதற்காகச் சில மாதம் நிறுத்தியதும் ஒரு தேசமே தள்ளாடியது ஏன் என்ற கேள்வி அப்போதும் இருக்கும். அந்தத் தொழிற்சாலை 2022 ஜூன் 4-ஆம் நாள் திரும்பத் திறந்தது. பத்து நாட்களுக்குள் பெருமழை பெய்து வெள்ளம் புகுந்து மறுபடி நின்றது. மழையைக் குறை சொல்ல முடியுமா? ஒரே கிணற்றை நம்பியிருக்கும் ஊரில், கிணறு தூர்வாரும் நாள்தோறும் தாகம்தான்.

கிணறு ஒன்றாகிப் போனதற்குக் காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் பால்மாவு வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நான்கு கம்பெனிகளின் கையில் இருந்தது. வெளிநாட்டுப் பால்மாவுக்குச் சுங்க வரியும் கடினமான விதிகளும் இருந்தபடியால், உபயோகத்தில் ஏறக்குறைய முழுவதும் உள்நாட்டிலேயே தயாராயிற்று. இவற்றோடு மற்றொன்றும் சேர்ந்தது. அது நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட காரியம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏழைத் தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் அந்நாட்டு அரசாங்கம் ‘விக்’ என்னும் ஊட்ட உணவுத் திட்டத்தை நடத்துகிறது. அந்நாட்டில் விற்பனையாகும் பால்மாவில் ஏறக்குறைய பாதி இந்தத் திட்டத்தின் வழியாகவே வாங்கப்படுகிறது. செலவைக் குறைக்க 1989-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி கம்பெனிகள் போட்டியிட்டு, அதிகக் கழிவு கொடுக்க முன்வரும் கம்பெனிக்கே அந்த மாநிலத்தின் ஒப்பந்தம் முழுவதும் போகும். அந்த ஒரு கம்பெனியின் டப்பாவைத்தான் ஏழைத் தாய் வாங்கலாம். கடைக்காரர்களும் அதையே தட்டு நிறைய அடுக்கினார்கள். இதனால் அரசாங்கத்திற்கு ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கு மேல் மிச்சமாயிற்று. அந்தப் பணத்தால் மேலும் பல ஏழைத் தாய்மாருக்கு உணவு கிடைத்தது. இதை யார் குறை கூற முடியும்?

ஆனால் அந்த மிச்சத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கம்பெனியை வைத்திருக்காததால், இரண்டாவது தொழிற்சாலையை வாளா நிறுத்தி வைக்காததால், கிடங்கில் மீதி இருப்பு வைக்காததால் அது வந்தது. எல்லாம் நன்றாய் நடக்கும் நாளில் அது லாபம். ஒன்று பிசகும் நாளில் அது கடன். அந்தக் கடனைத் தீர்ப்பது யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரி அல்ல. கழிவு கொடுத்த கம்பெனியும் அல்ல. காரும் பெட்ரோலும் இல்லாத ஏழைத் தாயின் மூன்று மாதக் குழந்தைதான் தீர்க்கிறது. தன்னுடையதல்லாத பொருளை ஈடு வைத்துக் கடன் வாங்குகிறவனை நாம் என்ன சொல்லுவோம்? சிசுவின் பாதுகாப்பை ஈடு வைத்து மிச்சம் பிடித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்தார்கள்.

நீதிக்கும் பிறர் சிநேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பிறர் சிநேகத்தால் கொடுப்பது நம்முடையதிலிருந்து கொடுப்பது. நீதியால் கொடுப்பது பெறுகிறவனுக்கு உரியதைக் கொடுப்பது. வளர்ந்தவனுக்கு அரிசி கிடைக்காவிட்டால் கேழ்வரகு உண்பான். சிசுவுக்கு அந்த வழி இல்லை. தாய்ப்பால் இல்லாத சிசுவுக்கு முதல் சில மாதங்களில் டப்பாவே முழு உணவு. ‘உன் உணவை நாங்களே தருவோம், மற்றவர் வர வேண்டாம்’ என்று ஒருவர் ஏற்றுக்கொண்டால், தாயின் பொறுப்பில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாத குடியானவனை நாம் கஞ்சன் என்பதில்லை. அவன் அடுத்த போகத்துக்குக் கடமைப்பட்டவன். அதுபோலக் குழந்தை உணவில் மீதி வைப்பது வீண் செலவும் அல்ல, தயவும் அல்ல. அது குழந்தைக்குச் செலுத்த வேண்டிய கடன்.

சில ஆட்சேபங்கள்

“தாய்ப்பால் இருக்கையில் டப்பாப் பால் எதற்கு? அதை ஏன் பெருக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கக்கூடும். தாய்ப்பாலே சிறந்தது என்பதில் இரண்டு பேச்சில்லை. டப்பாப் பாலை விளம்பரத்தால் திணித்த கம்பெனிகளின் போக்கைக் கண்டுதான் 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு விதித் தொகுப்பை ஏற்றது. நம் நாட்டிலும் 1992-இல் அவ்வகை விளம்பரத்தைத் தடுக்கச் சட்டம் வந்தது. அவை இருக்க வேண்டியவையே. ஆனால் தாயை இழந்த சிசு உண்டு. கடும் மருந்து உட்கொள்ளும் தாய் உண்டு. தாய்ப்பாலையே ஏற்காத பிறவி நோய் உண்டு. அவர்களிடம் போய் ‘தாய்ப்பால் சிறந்தது’ என்று சொல்வது, கால் இழந்தவனிடம் நடப்பதன் நன்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது போலாகும். தேவையில்லாதவருக்கு விற்கக் கூடாது என்பதும், தேவைப்பட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

“மீதி வைத்தால் விலை ஏறும், ஏழைதானே கஷ்டப்படுவான்?” என்பது இரண்டாவது ஆட்சேபம். இது கனமான ஆட்சேபம். விலை சிறிது ஏறலாம். ஆனால் அந்தச் சுமையை யார் மேல் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஒரு தேசம் முழுவதும் வரியாகப் பகிர்ந்துகொண்டால் தலைக்குச் சொற்பமே. அதைப் பகிர மறுத்தால் தட்டுப்பாட்டு நாளில் முழுச் சுமையும் மிக எளியவர் தலையில் விழுகிறது. குறைந்த விலை என்பது எல்லா நாளும் கிடைக்கும் விலையாக இருந்தால்தான் ஏழைக்கு அது குறைந்த விலை.

“பல கம்பெனிகளை வரவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது மூன்றாவது. பாதி உண்மை. 2022-இல் புதிதாகப் பைஹார்ட் என்று ஒரு கம்பெனி விற்பனையைத் தொடங்கிற்று. 2025-இல் அதன் பால்மாவைக் குடித்த குழந்தைகள் பல மாநிலங்களில் போட்டுலிஸம் என்னும் நரம்பைத் தளரச் செய்யும் நோயால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தன. கம்பெனி தன் டப்பாக்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. அப்படி அறிவித்த பின்பும் சில கடைகளில் அந்த டப்பாக்கள் தட்டிலேயே இருந்தன என்று அரசாங்கம் கடைக்காரர்களைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. ஆகவே கிணறுகள் பல வேண்டும் என்பது மெய். ஒவ்வொரு கிணற்றுக்கும் காவல் வேண்டும் என்பதும் மெய். பாதுகாப்பு, தட்டாமல் கிடைப்பது ஆகிய இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் தேடுகிறவன் இரண்டையும் இழப்பான். மீதி இருந்தால்தான் அழுக்கான தொழிற்சாலையை அஞ்சாமல் மூட முடியும்.

செய்ததும் செய்ய வேண்டியதும்

அந்நாட்டார் சும்மா இருந்துவிடவில்லை. 2022 மே மாதத்தில் இயற்றிய சட்டத்தால், அவசர காலத்தில் ‘விக்’ தாய்மார் வேறு கம்பெனி டப்பாவையும் வாங்க வழி செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் வந்த சட்டம், தயாரிப்பு தடைப்படும்போது கம்பெனி ஐந்து வேலை நாட்களுக்குள் அரசாங்கத்திற்கு அறிவிக்க வேண்டும் என்றும், தடை நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. குழந்தைகளுக்கு வரும் குரோனோபாக்டர் நோயை 2024 முதல் தேசிய அளவில் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்கு முன் பெரும்பாலான மாநிலங்களில் அந்தக் கட்டாயம் இல்லை. எண்ணாத நோயை எப்படித் தடுப்பது?

இன்னும் செய்ய வேண்டியவை உண்டு. அபூர்வ நோய்க் குழந்தைகளின் பால்மாவு ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு இடங்களில் தயாராக வேண்டும். பழையதை முதலில் விற்றுப் புதியதை உள்ளே வைத்து, கெடாதபடி ஒரு மீதி இருப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும். டப்பா தொழிற்சாலையை விட்டு வெளியே போகாவிட்டாலும், உள்ளே கிருமி கண்டால் உடனே அறிவிப்பது சட்டமாக வேண்டும். குறைகளை எழுதுகிற தொழிலாளியின் கடிதத்தை இன்னார் இத்தனை நாளுக்குள் படிக்க வேண்டும் என்று ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்றால் யாருடைய பொறுப்பும் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பால்மாவை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் உள்ள, கொதித்த நீரில் கலந்து, ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் வழிகாட்டியது. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விடுவது ஒருக்காலும் கூடாது. இவற்றை நம் பங்கிலும் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்த தாய்மாரும் பாட்டிமாரும் நினைவில் வைப்பது நல்லது.

அந்தத் தாயாருக்கு

இப்போது அந்தத் தாயாரின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர் மகள் மறுநாளே இரண்டு டப்பாக்களை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாளாம். பிறகு யாருக்கு எந்தக் கடையில் டப்பா தென்பட்டாலும் மற்றவளுக்குச் சொல்லுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்களாம். அந்தக் குழந்தை இப்போது ஓடியாடித் திரிகிறது.

அன்று சொன்னதோடு இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்: “உங்கள் மகள் தவறியது மெய்தான், அம்மா. அடுத்தவள் பிள்ளை பசித்திருக்கத் தன் அலமாரியைப் பூட்டியது தவறு. ஆனால் அவளுக்கு முன்னே பலர் தவறியிருந்தார்கள். மீதி வைக்க வேண்டியவர்கள் வைக்காததால்தான் வைக்கக் கூடாத இடத்தில் அவள் வைக்க நேர்ந்தது. அவள் அழுது, எழுந்து போய்ச் சரிசெய்தாள். மற்றவர்களும் அவ்வளவு செய்ய வேண்டும்.”

வாசகர்களே, பால்மாவுக் கம்பெனியோ பெரிய உத்தியோகமோ நம்மில் அநேகருக்கு இல்லை. ஆனால் நம்மை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவர் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. நாம் நோயில் விழுந்தாலும் கடையை அடைத்தாலும் அவருக்கு வேளை தவறாமல் உணவோ மருந்தோ கிடைக்க வழி செய்திருக்கிறோமா? குறை சொல்லி ஒருவர் எழுதிய கடிதம் நம் மேசையில் படிக்காமல் கிடக்கிறதா? செலவு மிச்சம் என்று நாம் மகிழ்ந்த ஏதாவது ஒன்று, நமக்குத் தெரியாமல் ஒரு எளியவர் தலையில் சுமையாக இருக்கிறதா? இந்த வாரம் இவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.